பஸ்ஸில் வந்த பிளக்

மந்தாரை இலையில் மடித்து, நாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஒரு பொட்டலத்தை என் மேசைமேல் வைத்தார் கண்டக்டர் ஏழுமலை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் காலை வண்டி போளூருக்கு வந்து சேர்ந்ததும், எங்கள் பட்டறையில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அவர் அடுத்த நடைக்குப் போவார். அன்று டீக்கு முன்பே பொட்டலம் வந்துவிட்டது.

“இன்னாண்ணா, தேனா?” என்று கேட்டேன்.

“நானும் அப்டித்தான் நெனச்சேன். ஆட்டிப் பாத்தா கடகடங்குது. மிஷினு ஓட்டுற பாஞ்சால குடுத்துச்சி. ‘மேஸ்திரி கைல குடு, பாத்தா அவருக்கே தெரியும்’னிச்சி.”

நாரை அவிழ்த்தேன். உள்ளே ஒரு ஸ்பார்க் பிளக். நுனி முழுக்க உலர்ந்த கரி. விரலால் தொட்டால் மை போல ஒட்டியது. கடிதம் கிடையாது, சொல்லியனுப்பிய சேதியும் அவ்வளவுதான். ஆனால் விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. மலையில் இருக்கும் எங்கள் சாமை மிஷின் மூச்சு முட்டி நின்றுபோயிருக்கிறது.

ஜாதகமா பார்க்கிறீர்கள்?

இந்தத் தொடரில் நான் அடிக்கடி, “பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், தெரிந்துவிட்டது” என்று எழுதுகிறேனாம். ‘அப்படி அதில் என்னதான் தெரியும்? ஜாதகமா பார்க்கிறீர்கள்?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பெட்ரோல் இன்ஜினுக்குள் நெருப்பு பற்றவைக்கிற சாமான்தான் பிளக். உள்ளே எரிவது எப்படி எரிகிறது என்று பார்த்த ஒரே சாட்சி அது. நுனி வெளுத்திருந்தால், எரிகிற எண்ணெய் போதாமல் இன்ஜின் காய்கிறது. ஈரமாக, பிசுபிசுவென்று கறுத்திருந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து, கீழே இருக்கவேண்டிய ஆயில் மேலே ஏறுகிறது. உலர்ந்த கரியாக இருந்தால் எண்ணெய் அதிகம், அல்லது காற்று குறைவு. எல்லாம் சரியாக இருந்தால் நல்ல பழுப்பு நிறம். அவ்வளவுதான் ஜாதகம். கட்டங்கள் கூடக் கிடையாது.

இதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று அந்த நாளில் எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. அந்தத் தலைக்கனம் ஏற்கெனவே ஒருமுறை அடி வாங்கியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போளூரில் ஒரு பெரிய அதிகாரியின் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு வந்தது. நாலு பேர் பார்க்க பிளக்கைக் கழற்றினேன். பெஞ்சில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன். திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “ரிங்கு போச்சு சார்” என்று கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னேன். இன்ஜினைப் பிரித்தோம். ரிங் புத்தம் புதுசாகச் சிரித்தது. நான் எடுத்துப் பார்த்தது பெஞ்சில் முந்தின நாளிலிருந்தே கிடந்த வேறு வண்டிப் பிளக். முதலாளி அன்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கழற்றிய பிளக்கைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை. சாப்பிடும்போதுகூட இடது கையில் இருக்கும். புதிதாகக் கல்யாணமாகி வந்த சரோஜா, “என் கைய புடிச்சத விட அந்தப் பிளக்க புடிச்சதுதான் ஜாஸ்தி” என்று தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

உரலுக்கு ஓய்வு

சரி, பாஞ்சாலை அக்காவுக்கு வருகிறேன்.

அந்த மலையூரின் பெயரை எழுதினால் அக்கா இப்போதும் பஸ் ஏறி வந்து சண்டை போடுவார் என்பதால் விட்டுவிடுகிறேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் நடக்கவேண்டும். அந்தப் பக்கத்தில் சாமைதான் சோறு. சாமையை உமி நீக்கி அரிசியாக்குவது பெண்கள் வேலை. உரலில் போட்டுக் குத்தவேண்டும், புடைக்கவேண்டும், மறுபடி குத்தவேண்டும். அவர்கள் உள்ளங்கை மரக்கட்டை மாதிரி இருக்கும்.

எங்கள் முதலாளி ஒரு சின்ன சாமை மிஷினை அந்த ஊருக்கு மாதிரிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார். பெட்ரோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடுகிற இன்ஜின்; பெல்ட் போட்டு அதனோடு சேர்த்த மிஷின். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எட்டுப் பேர் கழிகட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் கூடப் போய், ஒரு கொட்டகைக்குள் நிறுத்தி மாட்டினேன். பேச்சு இதுதான்: காளியம்மன் திருவிழா வரைக்கும் ஒழுங்காக ஓடினால் மிஷின் மலையிலேயே இருக்கும். ஓடாவிட்டால் அதே எட்டுப் பேர் கீழே இறக்குவார்கள்.

யார் ஓட்டுவது என்ற கேள்விக்கு ஆண்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பாஞ்சாலை அக்கா எழுந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, ஊரையே அடக்குகிற குரல்.

“நான் ஓட்டுறேன். இந்தத் திருவிழாவுக்கு ஒரு பொம்பளயும் ஒலக்கய தொடக்கூடாது. அத்தினி வூட்டு சாமயும் நான் குத்திக் குடுக்கிறேன்.”

ஊர்ப் பெரியதனக்காரர் சிரித்தார். “ஓடலன்னா?”

“ஓடலன்னா அத்தினி வூட்டுதையும் நானே ஒரல்ல குத்துறேன்.”

சொன்னவர் செய்யக்கூடியவர். அதுதான் பயம்.

நான் போனால் ஓடும்

முதல் பொட்டலம் வந்த மறுநாள் பஸ் ஏறினேன். மலை ஏறும்போது கடைசி வளைவில் டிரைவர் நீளமாக ஹாரன் அடிப்பார். அது நாலைந்து ஊருக்குக் கேட்கும். யாரோ கீழேயிருந்து வருகிறார்கள் என்று அர்த்தம்.

நான் நடந்து ஊருக்குள் நுழைந்தபோது வாசலெல்லாம் சாணி தெளித்து ஈரமாக இருந்தது. பெண்கள் தலையை வாரி, முகம் கழுவி நின்றார்கள். மிஷின் கூடக் குளித்த மாதிரி பளபளவென்றிருந்தது. காற்று போகிற ஃபில்டர் மூடி லேசாக ஈரமாக இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்து, ‘எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்!’ என்று மெச்சவும் செய்தேன். மடையன்.

எண்ணெயையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரைப் பிரித்தேன், சுத்தம். ஃபில்டரும் சுத்தம். மண்ணெண்ணெயை முகர்ந்தேன், கலப்படம் இல்லை. பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினேன். கழற்றிப் பார்த்தால் அழகான பழுப்பு. அக்கா, கேவுரு என்று அங்கே சொல்கிற கேழ்வரகில் களி கிண்டி, கீரையோடு போட்டார். வெற்றியோடு இறங்கினேன்.

மூன்றாம் நாள் மந்தாரை இலைப் பொட்டலம். உள்ளே கரி.

புதுப் பிளக் கொடுத்தனுப்பினேன். அதுவும் கறுத்துத் திரும்பி வந்தது. ஏழுமலை அண்ணன், “இன்னா மேஸ்திரி, மலையில பிளக்கு காய்க்குதா?” என்று பட்டறையே கேட்கும்படி கேட்டார். முதலாளி சிரிக்கவில்லை. “அடுத்த வாரம் எறக்கிடலாம்ப்பா. நம்ம பேரு கெடுது” என்றார். திருவிழாவுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

மறுபடியும் ஏறினேன். ஹாரன், சாணித் தெளிப்பு, பளபளக்கும் மிஷின், எல்லாம் அப்படியே. நான் நின்றபோது இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நான் இருந்தால் பழுப்பு, போனால் கறுப்பு. அப்படியென்றால் நான் போனபிறகு யாரோ ஏதோ செய்கிறார்கள்.

“அக்கா, இத்த நீங்க தொட்டீங்களா?” என்று கார்புரேட்டர் திருகாணியைக் காட்டினேன்.

“இல்ல.”

“சோக்க இழுத்து வுட்டீங்களா? காத்த அடைக்கிற இந்தப் பிடி.”

“கெளப்பறப்ப இழுப்பேன். ஒடனே தள்ளிடுவேன். நீ சொன்னதுதான?”

“பொய் சொல்லாதீங்க அக்கா. பிளக்கு சொல்லுது.”

அக்கா என்னையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. உள்ளே போய் எனக்குச் சோறு போட்டு எடுத்துவந்தார். வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்பும் வழக்கம் அங்கே கிடையாது. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘இன்னும் கொஞ்சம்’ என்றுகூடக் கேட்கவில்லை.

கிளம்பும்போது வீட்டு மூலையைப் பார்த்தேன். உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கத்தில் புது உலக்கை ஒன்று சாத்தியிருந்தது.

சரோஜா சொன்னது

வீட்டில் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் சரோஜாவே பிடித்து உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். ஹாரன், சாணித் தெளிப்பு, ஈரமான ஃபில்டர் மூடி உட்பட.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நீங்க வர்ற நேரம் தெரிஞ்சா நான்கூட வூட்ட பெருக்கி வெக்கிறேன். வர்றதுக்கு முன்ன வந்து பாத்தாதான வூடு எப்டி கீதுன்னு தெரியும்? சொல்லாம போங்க.”

“பஸ்ஸு ஹாரன் அடிக்குமே!”

“பஸ்ஸுல ஏன் போறீங்க? எங்க ஊரு பக்கமா ஒத்தையடிப் பாதை கீது. மலைக்காரங்க புளி தூக்கிகினு எறங்குறாங்களே, அந்த வழி.”

அவள் ஊர் சந்தவாசல் பக்கம். பிறந்த நாள் முதல் அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவள். பிளக் படிக்கத் தெரியாது. ஆனால் என்னைப் படிக்கத் தெரியும்.

மூக்கில் மஞ்சள் துணி

விடிந்ததும் மாமனார் வீட்டிலிருந்து கிளம்பினேன். நாலு மணி நேர ஏற்றம். இரண்டு இடத்தில் உட்கார்ந்து, ஒரு இடத்தில் படுத்தே விட்டேன். ஸ்பேனர் பை தோளை அறுத்தது. நெல்லிக்காய் பொறுக்கித் தின்று, சுனையில் தண்ணீர் குடித்தேன். தண்ணீர் அப்படி இனித்தது.

ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே இன்ஜின் காதில் பட்டது. தொப்... தொப்தொப்... தொப். மூச்சு வாங்கும் கிழவன் மாதிரி இருமிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோயாளி இருமுவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட வைத்தியன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மிஷின் வைத்திருந்த மண்சுவர்க் கொட்டகையின் வாசலில் போய் நின்றேன். உள்ளே உமித்தூசி பனிமூட்டம் மாதிரி நிறைந்திருந்தது. ஏழெட்டுப் பெண்கள். தூசிக்காக ஒவ்வொருத்தரும் மூக்கையும் வாயையும் நனைத்த துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது.

மிஷினும் கட்டியிருந்தது.

ஃபில்டர் மூடிமேல், காற்று போகிற அந்த மூக்கின்மேல், நனைத்த மஞ்சள் துணி. இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் அழகாக முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். “ஐயோ, மேஸ்திரி!” அவ்வளவுதான். எல்லோரும் சடசடவென்று முகத்துத் துணியை இறக்கினார்கள். அக்கா தன் துணியை இறக்கினார். அதே வேகத்தில் கை நீட்டி மிஷினின் துணியையும் அவிழ்த்துவிட்டார்.

இன்ஜின் ஒரு செருமல் செருமியது. அடுத்த நொடி படபடவென்று சீராக ஓட ஆரம்பித்தது, என் கண் முன்னால்.

நான் சாமை மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தேன்.

அக்காவுக்குக் கோபம். நாலு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை, “இன்னாத்துக்கு சிரிக்கிற?”

“அக்கா, அது மூக்குல துணி கட்னது யாரு?”

“நான்தான். நாங்க ஏழு பேரும் கட்டிகினு கீறோம். அது மட்டும் தூச துன்னணுமா? நம்பளோடதான அதுவும் பாடுபடுது?”

“நான் வர்றப்பல்லாம் அவுத்துட்டீங்களே!”

“விருந்தாடி வரும்போது மூஞ்சிய மூடிகினு நிக்கிறது மரியாதயா?” நான்தான் மரியாதை தெரியாதவன் போல என்னைப் பார்த்தார். “எங்களுக்கு ஒரு மரியாத, மிஷினுக்கு ஒரு மரியாதயா?”

“இத்த ஏன் சொல்லல?”

“நீ கேட்டியா? திருகாணிய தொட்டியான்னு கேட்ட, தொடல. சோக்க இழுத்து வுட்டியான்னு கேட்ட, வுடல. துணி கட்னியான்னு கேட்டியா? வாயி மட்டும் நீளமா பேசுது, பொய்யாம் பொய்யி!”

பிளக் சொன்னதும் சரி. அக்கா சொன்னதும் சரி. நடுவில் தப்பாகப் பேசியது நான் ஒருவன்தான்.

அக்கா கேட்ட கேள்வி

இத்தோடு நான் கையைக் கழுவிக்கொண்டு இறங்கியிருப்பேன். “இனிமே துணி கட்டாதீங்க” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொன்னேன்.

“செரி. அப்ப அது தூச துன்னட்டுமா?” என்றார் அக்கா.

கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தேன். அந்தத் தூசியில் ஃபில்டர் இரண்டு நாளில் அடைத்துக்கொள்ளும். மறுபடி இதே கரி, இதே பொட்டலம். தூசிக்குள்ளேயே இன்ஜினை நிறுத்தியது யார்? நான்தான், மிஷின் வந்த முதல் நாள், இடம் வசதியாக இருக்கிறதென்று. பழுது பார்க்க இரண்டு முறை வந்தேனே, சாமை கொட்டி ஓட்டினேனா? வெறும் மிஷினை ஓட்டி, தூசியில்லாத காற்றில் பிளக்கைப் பார்த்து ‘சபாஷ்’ சொல்லிக்கொண்டேன். அந்தத் தூசி இன்ஜினுக்கு ஆகாது என்று கண்டுபிடித்தவர் அக்கா. மருந்துதான் கொஞ்சம் தப்பு.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் வெச்சிடலாம் அக்கா. மிஷினு உள்ள, இன்ஜினு வெளிய. பெல்ட்டு மட்டும் சுவத்துல ஓட்ட போட்டு வரட்டும்.”

“ஓட்டதான? நவுரு.”

கடப்பாரையை எடுத்தார். மண்சுவரில் அவர் போட்ட முதல் குத்தில் பாதி வேலை முடிந்தது. பெண்கள் இன்ஜினைத் தூக்கி, காற்று வரும் பக்கமாக வேப்பமரத்தடியில் வைத்தார்கள். எட்டு ஆண்கள் கழிகட்டித் தூக்கிய மிஷினில் பெரும்பாரம் அந்த இன்ஜின்தான்; ஏழு பெண்கள் பாடிக்கொண்டே தூக்கினார்கள். நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடினேன்.

சாயங்காலத்துக்குள் பெல்ட் நேராகிவிட்டது. இந்த முறை சாமையை நிறையக் கொட்டி, அரை மணி ஓட்டி, முழு வேலையில் இருக்கும்போதே சட்டென்று நிறுத்தினேன். அப்படி நிறுத்தினால்தான் பிளக் உண்மையைச் சொல்லும். ஸ்பேனரை அக்காவிடம் கொடுத்தேன். சூட்டுக்கு அந்த மஞ்சள் துணியையே மடித்துப் பிடித்துக் கழற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“வறுத்த கேவுரு நெறம்” என்றார்.

என் தொழிலில் அந்த நிறத்துக்கு அதைவிட நல்ல பெயர் நான் கேட்டதில்லை.

“அக்கா, அன்னிக்கி பொய்னு சொன்னேனே...”

“கைய கழுவிகினு வா, சோறு ஆறுது” என்று உள்ளே போய்விட்டார். மன்னித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் ‘இன்னும் கொஞ்சம்’ என்று இரண்டு முறை கேட்டார்.

கடைசிப் பொட்டலம்

அதற்குப் பிறகு பத்து நாள் பொட்டலம் வரவில்லை. தினமும் காலை வண்டி வந்ததும் ஏழுமலை அண்ணன் கையைத்தான் பார்ப்பேன். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு டீயை எடுப்பார்.

திருவிழாவுக்கு முதல் நாள் கையில் மந்தாரை இலை.

என் முகம் செத்துவிட்டது. முதலாளி எழுந்தே வந்துவிட்டார். நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தேன்.

உள்ளே பிளக். வெளிச்சத்தில் பிடித்தேன். வறுத்த கேவுரு நிறம். ஒரு குறையும் இல்லை. உடம்பில் மட்டும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தது. கூடவே இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு.

“இன்னாண்ணா இது? நல்லாத்தான கீது, எதுக்குக் கழட்டி அனுப்பிச்சாங்க?”

ஏழுமலை அண்ணன் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: “சாம அத்தினியும் நேத்தே முடிஞ்சிச்சாம். ஊர்ல ஒருத்தரும் ஒலக்கய தொடல. மிஷினு இனிமே அங்கயேதான். ஆனா இந்தப் பிளக்கு இல்லாம அது ஓடாதாம். அதனால மேஸ்திரி கையோட எத்துகினு நேர்ல வந்து மாட்டணுமாம். கூட சம்சாரத்தயும் இட்டாரணுமாம்.”

முதலாளி எனக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

மறுநாள் பஸ்ஸில் பிளக் சரோஜாவின் மடியில் இருந்தது. வழியெல்லாம் அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னிடம் தர மாட்டேன் என்றுவிட்டாள். கடைசி வளைவு வந்ததும் நான் எழுந்து முன்னால் போய் டிரைவர் தோளைத் தட்டினேன்.

“அண்ணா, இன்னிக்கி ஹாரன நல்லா நீளமா அடிங்க. நாங்க வர்றது அவங்களுக்குத் தெரியணும்.”